இரண்டு அடுப்புக்கு ஒரு பிள்ளை

அத்தியாயம் 9

தாணம்மையின் இடது புருவத்துக்கு மேல் ஒரு புது வீக்கம் இருந்தது.

அழகியநாயகி அதை முதலில் பார்த்தது வீட்டில் அல்ல, பள்ளிக்கூட வராந்தாவில். ஜெயபாய் டீச்சர் பிள்ளையின் முன்மயிரை ஒதுக்கிக் காட்டியபோது.

“நீங்க பாக்கல்லியா?” என்றார் டீச்சர்.

அழகியநாயகி குனிந்து பார்த்தாள்.

டீச்சர் கூப்பிட்டுவிட்டது சென்ற வாரம். வீட்டிலிருந்து பெரியவர்கள் யாராவது வர வேண்டும் என்று பிள்ளையிடமே சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளை அதை மேற்கு அடுப்பில், அழகியநாயகியிடம் சொன்னாள். கிழக்கு அடுப்பில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் அழகியநாயகி இத்தனை நாளும் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

தை மாதம் கொட்டாரம் என்ற இந்த ஊருக்கு வாழ வந்தவள் அவள். அவள் வந்த பிறகுதான் வீடு இரண்டானது. கிழக்குப் பாதி கணவனின் அண்ணன் கணபதியப்பனுக்கு. மேற்குப் பாதி கணவன் முத்துக்குமாரசாமிக்கு. பங்குனியில் முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. போய்வர ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டார்கள்.

வயல், தென்னை, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் பங்கு பிரிந்தது. இரண்டு மட்டும் பிரியவில்லை. ஒன்று கறவைப் பசு. மற்றொன்று, அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவே பிறந்து, செத்துப்போன சகோதரியின் மகள் தாணம்மை.

பசு கிழக்கே நின்றது. பாலில் பாதி மேற்கே வந்தது. பிள்ளைக்குக் காலையும் மத்தியானமும் கிழக்கு அடுப்பு, அந்திக்கு மேற்கு அடுப்பு, படுக்கை கிழக்கே. ஊர்ப் பெரியவர்கள் சொன்ன தீர்ப்பு அது. நல்ல தீர்ப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பிள்ளைக்குத் தாய் வழியில் வந்த வயல் ஒன்று உண்டு. அதைக் கணபதியப்பன்தான் பயிர் செய்துவந்தார்.

“நீ வகுப்புக்குப் போ மக்கா,” என்று டீச்சர் பிள்ளையை அனுப்பினார். பிறகு குரலைத் தணித்தார். “காலு ரெண்டும் முட்டுக்குக் கீழ கறுத்துக் கெடக்கு. முழங்கையில தோலு போயிருக்கு. கேட்டா, விழுந்தேங்கா. அடி வாங்குக பிள்ளையொ எல்லாம் விழுந்தேன்ணுதான் சொல்லும்.”

“எங்க வீட்டுல யாரும் கை நீட்ட மாட்டாவ டீச்சர்.”

“நீங்க எப்பமும் கூட இருந்து பாத்தியளா?”

அழகியநாயகி வகுப்பு வாசலைப் பார்த்தாள்.

“சரி, ஒண்ணு கேக்கேன். அந்தி நேரம் நீங்க பக்கத்துல போனா பிள்ளை எப்பிடி இருக்கும்?”

அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. சோறு போடக் குனிந்தால் பிள்ளை திடுக்கிடும். முகத்துக்கு முன்னால் கையைக் கொண்டுபோகும். பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தாள்.

அதைச் சொன்னாள். டீச்சர் தலையை ஆட்டினார்.

“அப்பம் நான் நெனச்சது சரிதான். எனக்கு அந்தக் கை யாருக்க கைண்ணு தெரியணும். ஒரு பேரு போதும். நாளைக்குக் காலைல மணி அடிக்கியதுக்கு முன்ன வந்து சொல்லுங்கோ. இல்லேண்ணா தோவாளைக்கு ஆள் விடுவேன். பிள்ளைக்குத் தகப்பன் உண்டும்லா?”

தகப்பன் சிவதாணு தோவாளையில் பூ வியாபாரம் செய்கிறார். பெண்சாதி செத்த ஆண்டிலேயே மறு கல்யாணம். அந்த இரண்டாவது பெண்சாதி, மூத்தவள் பிள்ளை தன் வாசலில் கால் வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லி அனுப்பியவள்.

“அங்க அனுப்பினா பிள்ளை உருகியே செத்துரும் டீச்சர்.”

“இங்க இருந்தா?” என்றார் டீச்சர்.

வரப்பு வழியே வீட்டுக்கு நடந்தாள். கன்னிப்பூ நெல் தலை சாய்ந்து நின்றது. இன்னும் சில நாளில் அறுப்பு.

நடக்க நடக்க, வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராக மனசில் நிறுத்திப் பார்த்தாள். மூத்த அத்தான் கணபதியப்பன். பிள்ளை இல்லாமல் போனால் வயல் யாருக்கு? நினைத்தவுடன் தன் நினைப்பைக் கண்டு தானே பயந்தாள். பிறகு அவர் மனைவி பிச்சம்மாள். வாய் நீளம், கையும் நீளமாக இருக்கலாம். கணவனையும் ஒரு கணம் நிறுத்திப் பார்த்து, உடனே எடுத்துவிட்டாள். நாகர்கோவிலில் ஆபீஸ். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறவர். அடிக்க அவருக்கு நேரம் ஏது?

நேராகக் கிழக்கு அடுக்களைக்குப் போனாள்.

பிச்சம்மாள் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஏட்டி அழகி, கிழக்க வழி தெரிஞ்சுதா ஒனக்கு?”

“உப்பு தீந்து போச்சு அக்கா.”

“உப்புக்கு வந்தவளுக்குக் கண்ணு ஏன் மோட்டைப் பாக்கு?”

கூரை மரத்தில் ஒரு புளிய விளாறு செருகியிருந்தது. இலை உருவி, நுனி மெலிந்து, பழக்கப்பட்ட விளாறு.

“அது எதுக்கு அக்கா?”

“கறக்கும்போ பசு சாடுகு, அதுக்கு. ஏன், ஒனக்கும் ரெண்டு வேணுமா?”

சிரிக்கிற நேரம் அல்ல. அழகியநாயகி கேட்டுவிட்டாள். “பிள்ளைக்க நெத்தியில வீங்கியிருக்கு. பாத்தியளா?”

அம்மிக் குழவி நின்றது.

“எந்தப் பக்கம்?” என்றாள் பிச்சம்மாள்.

நடிக்கிறாள் என்றே அழகியநாயகிக்குத் தோன்றியது. காலையில் தலை வாரிவிட்டவளுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாதா? பிறகுதான், பிள்ளை தானாகவே வாரிக்கொண்டு போகிறாள் என்பது ஞாபகம் வந்தது.

“இடது பக்கம். டீச்சர் கூப்பிட்டுக் காட்டினாவ. யாரு அடிக்காண்ணு கேக்காவ.”

பிச்சம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். “அப்பிடி வா விசயத்துக்கு. உப்பாம் உப்பு! ஏட்டி, நானும் ஒண்ணு கேக்கேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போ நல்லாத்தான் வருகா. அந்திக்கு ஒனக்க அடுப்புக்கு வருகா. மறுநாள் காலைல பாத்தா காலுல காயம். நடுவுல யாரு வீட்டுல இருந்தா?”

“நானா அக்கா?”

“நான் வாய் தொறக்கல்ல. புதுசா வந்தவ, போகட்டும்ணு இருந்தேன். இப்பம் நீ என்னைக் கேக்க வந்திருக்கா.”

அழகியநாயகிக்குக் காது சூடானது. தான் ஒரு வாரமாக இந்தப் பக்கம் பார்த்த பார்வையை, இவள் பல மாதமாகத் தன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த நேரம் கணபதியப்பன் வயலிலிருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவினார். மீன்கூடை ஏறினால் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற மனிதர். சிவபூசை முடியாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். அழகியநாயகி கதவுக்குப் பின்னே ஒதுங்கினாள். அவரோடு இதுவரை நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“கேட்டியளா?” என்று பிச்சம்மாள் உரக்கச் சொன்னாள். “தாணம்மையை நாம அடிக்கோமாம். டீச்சர் பேரு கேட்டு விட்டிருக்கா.”

கால் கழுவும் சத்தம் நின்றது.

“எவ சொன்னா? கூடப்பொறந்தவளுக்க பிள்ளைய நான் அடிப்பனா? அவளை நான் தொட்டதே கெடையாது.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தொட்டதே கெடையாது. நல்ல பதில்தான். ஆனால் அழகியநாயகிக்கு அது ஏனோ நல்லதாகக் கேட்கவில்லை.

பொழுது சாய்ந்தது. அவள் ஒரு முடிவு செய்திருந்தாள். யாரையும் கேட்டுப் பயனில்லை, பார்க்க வேண்டும்.

மேற்கு அடுக்களையில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, பின்வாசல் வழியே சுற்றிக் கிழக்குத் தொழுவத்துக்குள் நுழைந்தாள். வைக்கோலுக்குப் பின்னால் நின்றாள். பசு அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோட்டது.

கிழக்கு முற்றம் முழுதும் அங்கிருந்து தெரிந்தது. கணபதியப்பன் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கதிரை உள்ளங்கையில் உருவி மணிகளைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சம்மாள் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். தாணம்மை தூணோரம் சிலேட்டை மடியில் வைத்தபடி சும்மா இருந்தாள். எழுதவில்லை.

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அழகியநாயகி விளாறு எங்கே என்று தேடினாள். யார் கையிலும் இல்லை.

“ஏட்டி, நேரமாச்சு. அங்க போய்ச் சாப்பிடு,” என்றாள் பிச்சம்மாள், விளக்கைப் பார்த்தபடி.

பிள்ளை எழுந்தாள். ஒரு கையால் தூணைத் தொட்டாள். அடுத்த தூண் வரைக்கும் கை காற்றில் நீண்டே இருந்தது. முற்றத்தில் இறங்கும்போது கட்டில் கால் அவள் முழங்காலுக்குக் கீழே இடித்தது. சத்தம் கேட்டது. கணபதியப்பன் நெல்மணியைக் கடித்துக்கொண்டே காலை மடக்கிக்கொண்டார்.

பிள்ளை நடந்தாள். அழகியநாயகி வைக்கோலை ஒதுக்கி எட்டிப் பார்த்தாள். இதோ, இப்போது யாரோ எழுந்து வரப்போகிறார்கள்.

யாரும் வரவில்லை. பிள்ளை நேராகப் போய் நெற்றியைச் சுவரில் இடித்துக்கொண்டாள். இடைவெளி அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

அவள் அழவில்லை. நெற்றியைத் தடவிப் பார்த்தாள். பிறகு சுவரைத் தடவி, விளிம்பைக் கண்டுபிடித்து, உடம்பை ஒடுக்கிக்கொண்டு மேற்கே போனாள்.

“பாத்துப் போ ஏட்டி,” என்றாள் பிச்சம்மாள், திரும்பாமலே.

அழகியநாயகி வைக்கோலை விலக்கிக்கொண்டு ஓடினாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும். மேற்கு முற்றத்தில் பிள்ளையின் முன்னால் போய் நின்றாள். இடுப்பில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை எடுத்து, முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“என்ன வச்சிருக்கேன், சொல்லு பாப்போம்.”

பிள்ளை திடுக்கிட்டாள். கை முகத்துக்குப் போனது. “சின்னத்தையா?”

“கையில என்னண்ணு பாரு மக்கா.”

தாணம்மை அவள் தோளுக்கு அப்பால் எங்கோ பார்த்தாள். கருப்பட்டி மூக்குக்கு முன்னால் இருந்தது.

மாலைக்கண். பாலும் கீரையும் காணாத பிள்ளைகளுக்கு வருகிற நோய். பிள்ளை யார் கைக்கும் பயப்படவில்லை. இருட்டிலிருந்து திடீரென்று முளைக்கிற எல்லாவற்றுக்கும் பயப்பட்டிருக்கிறாள்.

“எப்பம் இருந்து இப்பிடி?”

“காலைல நல்லாத் தெரியும் அத்தை. அந்திக்குத்தான்.”

அதற்குள் பிச்சம்மாள் இடைவெளியில் வந்து நின்றாள். “தொழுவுல என்னட்டி ஒளிஞ்சு வெளையாட்டு? களவாணி மாதிரி.”

“அக்கா, காலைல பிள்ளைக்குப் பாலு குடுப்பியளா?”

“நான் எதுக்குக் குடுக்கணும்? பாதிப் பாலு மேக்க வருகுல்லா. பிள்ளைக்க பாலு அதுல கெடக்கு.”

“பசு ஒங்க பக்கம் நிக்குல்லா, காலைல கறந்த சூட்டோட நீங்க குடுத்திருப்பியோண்ணு நான்…”

மேற்கே வந்த பால் எல்லாம் காப்பியாகிக்கொண்டிருந்தது அழகியநாயகிக்குத் தெரியும்.

“கீரை?” என்றாள்.

“காலைல பழையது குடிக்கா. மத்தியானம் புளிச்சோறு கொண்டு போறா. கீரையெல்லாம் வீட்டுல இருந்து உண்ணும்போ உள்ளது. நீ வைக்க மாட்டியா?”

“ராத்திரி கீரை ஆகாதுல்லா அக்கா.”

முருங்கை மரம் சுவருக்கு இரண்டு பக்கமும் கொப்பு நீட்டி நின்றது. பிச்சம்மாள் அதைப் பார்த்தாள். மெல்லத் திரும்பிப் போனாள்.

அழகியநாயகி பிள்ளையை விளக்கின் பக்கத்தில் உட்கார்த்தி, உறைக்கு வைத்திருந்த பாலை எடுத்துக் கொடுத்தாள்.

“இத யாருட்டயாவது சொல்லக் கூடாதா மக்கா?”

“சொன்னேன்.”

“யாருட்ட?”

பிள்ளை பால் டம்ளருக்குள் பார்த்தாள். “நாத்த எண்ண தந்தாவ. குடிச்சப்பம் ராத்திரியும் கொஞ்சம் தெரிஞ்சுது. பொறவு தரல்ல.”

“யாரு தந்தாவ?”

“யாருட்டயும் சொல்லப்புடாதுண்ணு சொன்னாவ.”

“சரி. எண்ண எங்க இருக்கு?”

தாணம்மை இருட்டுக்குள் கையை நீட்டினாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாத அந்த இருட்டில், விரல் சரியாகத் தொழுவத்தைக் காட்டியது. “எரவாணத்துல. பசு நிக்க எடத்துக்கு மேல.”

தான் நின்றிருந்த இடத்துக்கு நேர் மேலே! அழகியநாயகி திரும்பவும் போய்க் கூரையோரத்து ஓலைக்குள் கைவிட்டாள். குப்பி அகப்பட்டது. மேலெல்லாம் ஒட்டடை. உள்ளே முக்கால்வாசி எண்ணெய் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்ததும் அடித்த வாடையிலேயே தெரிந்தது. சுறா எண்ணெய்.

பயம் இப்போதுதான் அவளுக்கு வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாளே, யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்து, மருந்து வாங்கி, ஒளித்து வைத்து, அப்படியே விட்டிருக்கிறார்கள்.

முத்துக்குமாரசாமி வந்தபோது பிள்ளை விளக்கடியில் சாய்ந்து தூங்கியிருந்தாள். அவன் கை கால் கழுவி, இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். அழகியநாயகி சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். பிறகு குப்பியை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் சோற்றைப் பிசைந்த கையை எடுக்கவில்லை.

“இது இன்னும் அங்கதான் இருந்துதா?” என்றான்.

அவள் எங்கே எடுத்தாள் என்று அவனிடம் சொல்லவில்லை.

“நீங்களா?”

“அண்ணன் அறிஞ்சா வீட்டை விட்டே எறக்கியிருப்பான். சைவ வீட்டுல மீன் எண்ண. அதான் ஒளிச்சு வச்சேன். தீபாவளிக்கு முன்னால நாகர்கோவில்ல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனதே நான்தான்.”

“டாக்டர் என்ன சொன்னாவ?”

அவன் இலையைப் பார்த்தான். “விட்டா பகல் பார்வைக்கும் கேடுண்ணு சொன்னாரு.”

“பொறவு?”

“குடுத்துட்டுத்தான் இருந்தேன். நடுவுல கல்யாண வேலை வந்துட்டு. பந்தல், சமையக்காரன், ஆளு கூப்பிடுகது… மறந்து போச்சு.”

“எந்தக் கல்யாணம்?”

தீபாவளிக்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது ஒரே கல்யாணம்தான். அழகியநாயகியின் கழுத்தில் கிடந்த தாலி அவளுக்கே கனத்தது.

“பிள்ளைய அடிக்கிய கை யாருக்கதுண்ணு டீச்சர் கேட்டாவ. நாளைக்குக் காலைல ஒரு பேரு சொல்லணும். இல்லேண்ணா தோவாளைக்கு ஆள் விடுவாவளாம்.”

முத்துக்குமாரசாமி நிமிர்ந்தான். “நான் அடிச்சேனா? இந்த வீட்டுல அவ கண்ணைப் பாத்தது நான் ஒருத்தன்தான். ஒண்ணுமே செய்யாதவனுக்கு எல்லாம் பேரு இல்ல, செஞ்சவன் பேரச் சொல்லுவியா?”

“அக்காவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் பாக்கல்ல, அது எனக்க குத்தம். ஒங்களுக்குத் தெரியும்.”

“ஒரு அடி அடிச்சிருக்கேனா சொல்லு!”

“அடிச்சிருந்தா ஒங்க கை வலிச்சிருக்கும். நிறுத்தியிருப்பியோ. இது நம்ம ஒருத்தருக்கும் வலிக்கல்ல. அவளுக்கு மட்டும்தான் வலிச்சுது.”

அவன் எழுந்து கை கழுவினான். இலையில் சோறு அப்படியே இருந்தது.

“தகப்பன்ட்ட அனுப்பிருவாளா?” என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

“சரியான பேரு கிடைக்கல்லேண்ணா.”

சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

இருவரும் திரும்பினார்கள். இடைவெளியில் கணபதியப்பன் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. பிச்சம்மாள் சொல்லியிருக்கலாம், காற்று அந்த வாடையைக் கொண்டுபோயிருக்கலாம். மேற்கு முற்றத்தில் அவர் கால் வைக்கவில்லை. கை மட்டும் சுவரைத் தாண்டி நீண்டது.

“முத்து, அந்தக் குப்பிய இஞ்ச கொண்டா.”

முத்துக்குமாரசாமி குப்பியை எடுக்கப் போனான். அண்ணன் சொன்னால் எடுத்துத்தான் பழக்கம். அழகியநாயகி முந்திக்கொண்டாள். குப்பியை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். மற்றக் கையால் பிள்ளையைத் தட்டி எழுப்பினாள். “எழும்பு மக்கா. படுக்கப் போவோம்.”

பிள்ளையை நடத்திக்கொண்டு இடைவெளிக்கு வந்தாள். நீண்டிருந்த அந்தப் பெரிய உள்ளங்கையில் தாணம்மையின் கையை எடுத்து வைத்தாள்.

“அத்தான்,” என்றாள். அவரை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “பிள்ளைக்குக் கண்ணு தெரியல்ல. இந்தச் சுவருல முட்டாம கூட்டிட்டுப் போங்கோ.”

கணபதியப்பன் தன் கையைப் பார்த்தார். அதில் கிடந்த சின்னக் கையைப் பார்த்தார். பிள்ளை யாருடைய கை என்று தெரியாமல், விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்ல, மிக மெல்ல, அவர் விரல்கள் மூடின.

ஆனால் அவருடைய மற்றொரு கை எழுந்தது. குப்பிக்காக அது நீண்டே இருந்தது.